ஃபர்ஸ்ட் இயர் எங்கே?

எனக்கு ஒரு பெயர் உண்டு. உவரிக் கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர். ஒரு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிடவில்லை. "ஃபர்ஸ்ட் இயர் எங்க?" இதுதான் என் பெயர். லேபர் ரூமில் ஸ்டாஃப் நர்ஸ் கூப்பிடுவார், தியேட்டரில் செகண்ட் இயர் கூப்பிடுவார், ரவுண்ட்ஸில் அசிஸ்டென்ட் மேடம் கூப்பிடுவார். ரத்த வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் நான் ஓ.ஜி. ஃபர்ஸ்ட் இயர்தான்.

போன மாதம் புது பேட்ச் வந்துவிட்டது. நான் இப்போது செகண்ட் இயர். மூன்று நாளைக்கு முன், ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், லேபர் ரூம் வாசலில் தொண்டை கிழியக் கத்தினேன்: "ஃபர்ஸ்ட் இயர் எங்க?" அந்தப் பிள்ளை கையில் நான்கு ரத்தக் குழாயோடு ஓடிவந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. வந்து முப்பது நாள் ஆகிறது, கேட்கவே இல்லை.

அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி, அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் அது ஒன்றுதான் மோசம் என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். ஓ.ஜி. என்றால் மகப்பேறு, மகளிர் மருத்துவம். எம்.எஸ். பட்டம், மூன்று வருஷம். நான் சர்வீஸ் கேண்டிடேட். எம்.பி.பி.எஸ். முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) மூன்று வருஷம் வேலை பார்த்து, நீட் பி.ஜி. எழுதி, அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் வாங்கி வந்தவள். அந்த ஒதுக்கீடும் சும்மா கிடைக்கவில்லை. 2017-இல் அது கையைவிட்டுப் போனது. அரசு டாக்டர்கள் கோர்ட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்தார்கள். 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பதிலுக்கு நாங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்: ரிட்டயர் ஆகிறவரை அரசு வேலையிலேயே இருப்போம் என்று.

ஏன் ஓ.ஜி. எடுத்தாய் என்று கேட்பவர்கள் ஒருதரம் உவரிக்கு வந்து பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு அந்தோணியாரைக் கும்பிட வருகிற கூட்டத்தோடு வந்து, கப்பல் மாதா கோயில் உச்சியில் விமானம் நிற்கிறதே என்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு ஊர் தெரியாது. வலி எடுத்த பெண்ணுக்கு ரத்தம் வேண்டும், ஆபரேஷன் வேண்டும் என்று வந்துவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்துக்கோ ஓட வேண்டும். நான் பி.எச்.சி.யில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரை 108-இல் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு விளக்கு வளைவில் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து ரெஃபரல் நோட்டில் கையெழுத்துப் போடுவேன். என் கைக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருந்தால் அனுப்பாமலே முடித்திருக்கலாம் என்ற கேஸ்கள் அதில் உண்டு. அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன்.

கற்றுக்கொடுத்தார்களா?

எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கிற ஒரு அட்மிஷன் டேயைச் சொல்கிறேன். காலை ஆறரைக்கு வார்டு. ரவுண்ட்ஸுக்கு முன்னால் எல்லாப் படுக்கைக்கும் பி.பி., பல்ஸ், சிசுவின் இதயத் துடிப்பு, ரத்த மாதிரி. குழாய்களில் பெயர் ஒட்டி, லேபுக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஸ்கேனுக்குத் தேதி வாங்க வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்கத் தள்ளுவண்டியில் ஆளை வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் தள்ளுகிறவர் வேறு வார்டில் இருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி, பிறப்புப் பதிவு, பிக்மி எண், காப்பீட்டுத் தாள். நடுவில் லேபர் ரூமில் பிரசவம். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அன்று போஸ்ட் அட்மிஷன் டே, வார்டு நிரம்பி வழியும். சாயங்காலம் ஆறு மணிக்கு விடுவார்கள். முப்பத்தாறு மணி நேரம். அப்படி ஒருநாள் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. கர்ப்பிணிகளுக்கு நாங்கள் பார்க்கிற அதே சோதனை. வீக்கம் இருந்தால் அவர்களிடம், "காலை உயரத்துல வச்சுப் படுங்கம்மா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்போம்.

எங்கம்மா தினமும் ராத்திரி ஒன்பதுக்கு போன் பண்ணுவாள். ஒரே கேள்விதான்: "சாப்டியாட்டி?" சாப்பிட்டேன் என்பேன். பொய்.

நான் வேலைக்குப் பயந்தவள் இல்லை. மீன் சருவத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவள் மகள். என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கப்பா வள்ளத்தில் போனவர். புதுசாகக் கடலுக்கு வருகிற பையன் முதலில் தண்ணீர்தான் கோரி இறைப்பான், அது எல்லாருக்கும் உள்ளது. ஆனால் பக்கத்தில் இருக்கிற பெரியாள் அவனிடம் பேசிக்கொண்டே வருவார். இது கச்சான், இது வாடை, தண்ணி நிறம் மாறுது பாரு, இங்க வலை போட்டா அறுந்துரும். கரைக்கு வந்தால் அவனுக்கும் அரைப் பங்காவது உண்டு. ஒரு வருஷம் தண்ணீர் மட்டும் இறைக்கவிட்டு, வலையைத் தொட்டால் கையில் அடித்து, ரெண்டாம் வருஷம் நீயே வள்ளத்தை ஓட்டிக்கொண்டு போ என்று சொன்னால் ஊரில் அவனைப் பைத்தியம் என்பார்கள்.

இங்கே அதற்குப் பெயர் ட்ரெயினிங்.

லாக் புக் என்று ஒன்று உண்டு. பார்த்தது, உதவியது, செய்தது என்று தனித்தனியாக எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். யோசித்து வைத்த ஏற்பாடுதான். அந்தந்த வாரம் எழுதி, அந்தந்த வாரம் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "இதை ஏன் இப்படித் தைத்தாய்?" என்று கேட்டால் ஆறு மாதத்தில் கை தேறிவிடும். நாங்கள் அதை வருஷக் கடைசியில் ஹாஸ்டல் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே ராத்திரியில் நிரப்பினோம். கையெழுத்து மொத்தமாக விழுந்தது. என் சொந்தக் கணக்கு என்னிடம் இருக்கிறது. ஒரு வருஷத்தில் நான் கத்தி பிடித்த சிசேரியன் நான்கு. அதில் இரண்டில் தோல் தைக்கும்போதுதான் என் முறை வந்தது. டாயன் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற சிசேரியன் எத்தனை என்று எண்ணவில்லை. அதைப் பிடிக்கிறவளுக்கு மேடத்தின் முழங்கைதான் தெரியும், கர்ப்பப்பை தெரியாது. எட்டிப் பார்த்தால், "ரிட்ராக்ட் பண்ணு, வேடிக்கை பாக்காத" என்பார்கள்.

எங்கள் ஊர் சுயம்புலிங்கசாமி கோயிலில் நேர்த்திக்கடனுக்குக் கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவார்கள். 11 பெட்டி, 41 பெட்டி என்று நேர்ந்துகொள்வார்கள். சாமிக்குச் சுமக்கிற மண்ணுக்கே கணக்கு உண்டு. எங்களுக்கு எத்தனை பெட்டி?

அரசு ஏட்டில் கணக்கு இருக்கிறது. 1992-இல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்சி திட்டம், தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. 2023-இல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள், நியாயமான நேரம் வேலை, நியாயமான ஓய்வு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டன. நியாயம் எத்தனை மணி நேரம் என்று யாரும் எழுதவில்லை. 2024 ஆகஸ்டில், கொல்கத்தாவில் ஒரு பி.ஜி. டாக்டர் நீண்ட ட்யூட்டிக்கு நடுவே கண்ணயர்ந்த இடத்திலேயே கொல்லப்பட்ட பிறகு, முப்பத்தாறு மணி நேர ட்யூட்டி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது. அந்தச் செய்தியை நான் முப்பத்தாறாவது மணி நேரத்தில் போனில் படித்தேன்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் எப்படிக் குறைந்தது தெரியுமா? 1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற பதினெட்டு வயதுப் பெண் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் விடிவதற்குள் இறந்துபோனாள். பார்த்தவர்கள் பயிற்சி டாக்டர்கள், ஒரே நேரத்தில் பல நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள். அவள் அப்பா சிட்னி சயான் பத்திரிகைக்காரர். விடவில்லை. 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-இல் நாடு முழுக்க வந்தது. எண்பதே அதிகம்தான். ஆனால் எண் என்று ஒன்று இருக்கிறது, மீறினால் கேட்க ஆள் இருக்கிறது. இங்கே லேபர் ரூமில் செத்துப்போகிறவளின் அப்பா கட்டடக் கூலி. அவர் எந்தப் பத்திரிகையில் எழுதுவார்?

பேச்சு இன்னொரு பக்கம். அடி விழுந்தால்கூட ஆறிவிடும். கேஸ் ஷீட்டை முகத்துக்கு நேராக வீசுவது, நோயாளி முன்னால், "எந்தக் காலேஜ்ல படிச்ச நீ? கோட்டால வந்தவதான?" என்பது. நோயாளி பாவம், தலையைக் குனிந்துகொள்வாள். அவள் வயிற்றைத்தான் அரை மணி நேரம் கழித்து நான் தொட்டுப் பார்க்க வேண்டும். என் பேட்ச்மேட் ஒருத்தி கர்ப்பமானாள். "ஃபர்ஸ்ட் இயர்ல யாராவது கர்ப்பமாவாங்களா?" என்று கேட்டவர் மகப்பேறு மருத்துவர். ஏழு மாத வயிற்றோடு அவள் ராத்திரி ட்யூட்டி பார்த்தாள். ஆன்டிநேட்டல் வார்டில் நோயாளிகளே எழுந்து, "டாக்டரம்மா, நீங்க இப்படி உக்காருங்க" என்று கட்டிலில் இடம் கொடுத்தார்கள். எங்கள் துறையில் அவளுக்குக் கிடைத்த மகப்பேறு கவனிப்பு அதுதான்.

2019 மே 22-இல் மும்பையில் பாயல் தட்வி என்ற டாக்டர் தன்னை மாய்த்துக்கொண்டாள். வயது 26. எங்கள் துறைதான், ஓ.ஜி., செகண்ட் இயர். ஆதிவாசிப் பெண். சீனியர்கள் மூன்று பேர் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்பது வழக்கு. ஆபரேஷன் செய்யவிடாமல், பிரசவம் பார்க்கவிடாமல் ஒதுக்கினார்கள் என்பதும் குடும்பத்தின் புகாரில் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. கற்றுக்கொடுக்க மறுப்பதையே ஆயுதமாக வைத்து ஒருத்தியை அடிக்க முடியும். வெளியே இருப்பவர்களுக்கு அது அடியாகவே தெரியாது. அவள் அம்மா ஆபிதா தட்வி, இதேபோலச் செத்துப்போன மாணவர் ரோஹித் வெமுலாவின் அம்மாவோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க நினைத்த அம்மா மனுதாரர் ஆனார்.

பெரியவர்கள் சொல்வார்கள், நாங்களும் இப்படித்தான் வந்தோம் என்று. தெரியும் மேடம். நீங்களும் அழுதிருப்பீர்கள், அதே ட்யூட்டி ரூமில், அதே ஆணியில் கோட்டை மாட்டிவிட்டு. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கியது. லட்சுமணசாமி முதலியார் போன்றவர்கள் அங்கே படுக்கையருகே நின்று பாடம் நடத்தி, அந்த அனுபவத்தையே புத்தகமாக எழுதினார்கள். நாங்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறோம். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இப்போது இல்லை என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகும். எங்கள் யூனிட்டிலேயே ஒரு அசிஸ்டென்ட் மேடம் உண்டு. ராத்திரி மூன்று மணிக்கு என் கைமேல் தன் கையை வைத்து, கர்ப்பப்பை இறுகுவது உள்ளங்கைக்கு எப்படித் தெரியும் என்று காட்டினார். "கிரிக்கெட் பந்து மாதிரி ஆகணும், ஆகலன்னா விடாத." ஒரு வருஷத்தில் நான் கற்ற பாடங்களில் அதுதான் பெரிசு. ஐந்து நிமிஷம் ஆனது. அந்த மேடத்துக்கும் அன்று முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் நின்ற ஒரு ராத்திரியைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது பிரசவம். 2.10-க்குப் பெண் குழந்தை, நன்றாக அழுதது. நஞ்சு முழுசாக வந்தது. பத்து நிமிஷம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. கை வைத்தேன், கர்ப்பப்பை மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தது. நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் ரத்தம் ஓடும், அது இறுகாவிட்டால் ஆளை வடித்துவிடும். ஆக்சிடோசின் போட்டோம், மெதர்ஜின், கார்போப்ரோஸ்ட், டிரானெக்ஸாமிக் ஆசிட். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2.40-க்கு பி.பி. 90/60, பல்ஸ் 124. எழுதினேன். சீனியர்கள் பக்கத்துத் தியேட்டரில் இன்னொரு சிசேரியனில், வயிற்றைத் திறந்தாயிற்று, விட்டுவர முடியாது. அப்போது குரல் வந்தது: "ஃபர்ஸ்ட் இயர் எங்க? பிளட் பேங்க் போ!"

அட்டெண்டர் இல்லை. ரத்த வங்கி வேறு கட்டடம். என் கையை எடுத்துவிட்டு, ஒரு ஸ்டாஃப் நர்ஸின் கையை அங்கே வைத்துவிட்டு ஓடினேன். ஃபாரத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் இருக்கிறது என்று திருப்பினார்கள். நிரப்பிக் கொடுத்தேன். கிராஸ் மேட்ச் பண்ண வேண்டும், நில்லுங்கள் என்றார்கள். நின்றேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அந்தக் கவுன்ட்டருக்கு முன் நிற்க எட்டாம் வகுப்புப் படித்த ஒரு ஆள் போதும். கர்ப்பப்பையை அழுத்தத் தெரிந்த, மூன்று வருஷம் பி.எச்.சி.யில் பிரசவம் பார்த்த டாக்டர் அங்கே நின்றுகொண்டிருந்தேன். 3.25-க்கு இரண்டு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கட்டில் காலி. தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தரையில் ரத்தத்தின்மேல் வண்டிச் சக்கரம் போன தடம் இருந்தது.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். 5.50-க்குப் போய்விட்டாள். வெளியே அவள் மாமியார் பிள்ளையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, பால் குடுக்கத் தூக்கிட்டு வரட்டா?" என்று என்னிடம் கேட்டாள்.

தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு. நல்ல வழக்கம். லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய் மரணம் என்று 2018-20 கணக்கில் நாம் இறங்கினோம், அப்போது நாட்டின் சராசரி 97. அந்த இறக்கத்துக்கு இந்த விசாரணைகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். யாரையும் பழி சொல்வதற்கல்ல, எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க என்றுதான் வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. எங்கள் கூட்டம் நாற்பது நிமிஷம் நடந்தது. ரத்தம் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். "ஃபர்ஸ்ட் இயர் லேட்" என்று பதில் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தூக்கத்துக்கு நான் மாணவி, பழிக்கு மட்டும் டாக்டர். அட்டெண்டர் இல்லாததைப் பற்றி ஒரு வரி பேச்சில்லை. ராத்திரி இரண்டு தியேட்டருக்கு ஒரு டீம் இருந்ததைப் பற்றிப் பேச்சில்லை. சார்ட் சரியாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

சார்ட் ஏன் சரியாக இருந்தது என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அன்று காலை ஏழு மணிக்கு ஒரு சீனியர் கேஸ் ஷீட்டை என் முன்னால் வைத்தார். 2.40-க்கும் 3.25-க்கும் நடுவே கட்டங்கள் காலியாக இருந்தன. "ஃபில் பண்ணிடு" என்றார். கெட்ட மனுஷி இல்லை, அவர் கண்ணும் சிவந்திருந்தது. நான் எழுதினேன். 2.50-க்கு 90/60, 3.00-க்கு 86/54, 3.15-க்கு 80/50. இறங்குவதுபோல அழகாக எழுதினேன்.

இப்போது அந்தக் காகிதப்படி நான் அந்த முக்கால் மணி நேரமும் அவள் கட்டிலருகே நின்றிருக்கிறேன். விசாரணைக் குறிப்புப்படி அதே நேரத்தில் ரத்த வங்கியில் தாமதம் செய்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த ஒருவரும், ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் என்று கேட்கவில்லை. ஆள் இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் காலிக் கட்டங்கள்தான். அதை நான் என் கையாலேயே அழித்துவிட்டேன்.

அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த மூன்று பி.பி.யும் யாரும் எடுக்காதவை. அந்த நேரத்தில் நான் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

புதுசாக வந்த பிள்ளையிடம் நேற்று பெயர் கேட்டேன். சொல்வதற்கு முன் அவள் ஒரு வினாடி பயந்தாள்.